பதில் -1: மாடல் ரயில் டிகோடரைக் கணினியில் புரோகிராம் செய்த பதிவு

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் பழைய அனலாக் வகை மாடல் டீசல் இன்ஜின் ஒன்றுக்குள் டிகோடர் பொருத்தினேன்; தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சின்ன மின்பலகை அது. அதன் அமைப்பு எண்களில் (சிவி) எட்டாவதான சிவி 8-ஐப் படிக்கும்படி கணினியில் கட்டளை கொடுத்தேன். இன்ஜின் லேசாக உதறியது. திரையில் 145 என்று வந்தது. அது ஜிமோ நிறுவனத்தின் அடையாள எண். அதுவரை வந்துகொண்டிருந்த பதில் -1, அதாவது டிகோடரிடமிருந்து எதுவும் கேட்கவில்லை என்று பொருள். அடுத்தடுத்து எடுத்த இன்ஜின்கள் சிலவற்றிலும் இதே -1 வந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஒரு காரணம்கூடக் கணினிக்குள் இல்லை. எல்லாம் ஒயரிலும் மோட்டாரிலும் மின்தேக்கியிலும்தான் ஒளிந்திருந்தன. தேடிப் பிடித்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலேயே டிகோடரை புரோகிராம் செய்யலாம். ஆனால் மூன்று இலக்கத் திரையில் சிவி எண்ணைத் தட்டி, மதிப்பைத் தட்டி, எதை மாற்றினோம் என்பதைத் தாளில் குறித்துக்கொண்டு போவது சலிப்பான வேலை. டிகோடருக்குள் எண் போட்ட பெட்டிகளாக சிவிக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஒரு எண் உட்காரும். புதிய ஒலி டிகோடர்களில் இந்தப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கணினி இல்லாமல் இதைக் கட்டி மேய்க்க முடியாது.

நான் எடுத்துக்கொண்டவை: ஆர்டுயினோ மெகா 2560 பலகை, அதன்மேல் சொருகித் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும், எல்298பி சிப் உள்ள மோட்டார் ஷீல்டு, பழைய லேப்டாப் ஒன்று. டிகோடர்களுக்குத் தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறைக்கு டிசிசி என்று பெயர்; பலகையில் அதற்கான டிசிசி-இஎக்ஸ் மென்பொருளை ஏற்றினேன். லேப்டாப்பில் மாடல் ரயிலுக்கான ஜேஎம்ஆர்ஐ தொகுப்பும், அதனுடன் வரும், டிகோடரைப் புரோகிராம் செய்யும் டிகோடர்ப்ரோவும். மென்பொருள் மூன்றும் இலவசம். இதே வேலைக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் கமாண்ட் ஸ்டேஷன் பெட்டியோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகக் குறைவு. மொத்தக் கணக்கில் ஒலி டிகோடர்தான் பெரிய செலவு, பலகை இல்லை.

ஷீல்டை மெகாவில் சொருகும் முன் ஒரு வேலை இருக்கிறது. தண்டவாளத்துக்காக ஷீல்டுக்குக் கொடுக்கும் மின்சாரம், வின் என்ற பின் வழியாகக் கீழே இருக்கும் மெகாவுக்கும் போய்விடும். எச்ஓ அளவு ரயிலுக்கு 14 வோல்ட் அடாப்டர் வைத்திருந்தேன். அதை மெகாவின் ரெகுலேட்டர் நெடுநேரம் தாங்காது. அதனால் ஷீல்டின் வின் பின்னை மட்டும் வெளிப்பக்கமாக வளைத்து, மெகாவின் துளைக்குள் இறங்காமல் விட்டேன். மெகாவுக்கு மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே வந்துவிடுகிறது. எல்298பி தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும் என்பதால் தண்டவாளத்தில் கிடைப்பது 12-க்குப் பக்கத்தில்தான். மல்டிமீட்டரின் ஏசி அளவில் வைத்தால் ஏதோ ஒரு எண் காட்டும், அதை அப்படியே நம்பக் கூடாது. டிசிசி சிக்னல் சதுர அலை. 1 என்ற பிட்டுக்கு ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோசெகண்ட், 0-க்கு 100 அல்லது அதற்கு மேல். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் சைன் அலைக்காகச் செய்தது.

ஷீல்டின் ஏ சேனல் ரயில் ஓடும் மெயின் தண்டவாளத்துக்கு, பி சேனல் சிவிக்களைப் படிக்கவும் எழுதவுமான புரோகிராமிங் தண்டவாளத்துக்கு. புரோகிராமிங் தண்டவாளத்தை லேஅவுட்டின் ஒரு மூலையில் மின்சாரம் கடத்தாத இன்சுலேட்டட் ஜாயினர் போட்டுப் பிரித்துவைப்பவர்கள் உண்டு. நான் ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளத்தைப் பலகையில் ஆணியடித்துத் தனியாக மேசைமேல் வைத்துவிட்டேன். புரோகிராமிங் கட்டளைக்கு முகவரி கிடையாது. அந்தத் தண்டவாளத்தில் எத்தனை டிகோடர் நிற்கிறதோ அத்தனையும் கீழ்ப்படியும். எல்லா இன்ஜினுக்கும் ஒரே எண் வந்து சேரும் அபாயம் மேசைமேல் வைத்தால் இல்லை.

லேப்டாப்பில் லினக்ஸ். முதலில் போர்ட்டையே திறக்க முடியவில்லை. பயனர் பெயரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்ததும் சரியானது. வேகம் 115200. இன்னொன்று: போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்துக்கொள்ள முடியும். ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டர் திறந்திருக்கும்போது டிகோடர்ப்ரோ இணையாது. போர்ட் திறக்கும் கணத்தில் மெகா ரீசெட் ஆகும், தண்டவாள மின்சாரமும் அணையும். சில நொடி பொறுத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

டிகோடர்ப்ரோவை உடனே திறக்காமல் சீரியல் மானிட்டரிலேயே ஆரம்பித்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. கோண அடைப்புக்குள் ஆர் என்றும் சிவி எண்ணும் தட்டினால் படிக்கும். டபிள்யூ, சிவி எண், மதிப்பு என்று தட்டினால் எழுதும். ஒரு கேள்வி, ஒரு பதில். டிகோடர்ப்ரோவின் அழகான பக்கங்களில் ஒரே சொடுக்கில் நூறு கேள்வி போகிறது. தவறு எந்தக் கேள்வியில் என்று கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இனி இன்ஜினுக்கு வருகிறேன். டிகோடர் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் செய்த டீசல் அது. உள்ளே சாக்கெட் கிடையாது. மோட்டாரின் கீழ் பிரஷ்ஷைப் பிடித்திருந்த பித்தளைத் தகட்டின் நாக்கு ஒன்று நேராக இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கத் தண்டவாள மின்சாரம் சட்டம் வழியாகவே மோட்டாருக்குப் போகும் ஏற்பாடு. இப்படியே டிகோடரைக் கட்டினால் முதல் நொடியிலேயே அது எரியும். நாக்கை நிமிர்த்தி வெட்டி, மோட்டார் உட்காரும் குழியில் சூடு தாங்கும் காப்டன் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன். சாதாரண இன்சுலேஷன் டேப் இங்கே வேண்டாம், சூட்டில் பசை உருகி நகர்ந்துவிடும். பிரஷ் இரண்டிலிருந்தும் சட்டத்துக்கும், இரண்டு சக்கரப் பக்கத்துக்கும் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்துத் தொட்டுப் பார்த்தேன். எங்கேயும் சத்தம் வரக் கூடாது. மோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். ஒரு கோணத்தில் தொடாதது இன்னொரு கோணத்தில் தொடும்.

அப்புறம் ஸ்டால் கரன்ட், அதாவது மோட்டார் சுற்ற முடியாமல் நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டம். 12 வோல்ட் டிசி கொடுத்து, ஃபிளைவீலை விரலால் நிறுத்திப் பிடித்தால் 0.7 ஆம்பியர் காட்டியது. 1 ஆம்பியர் டிகோடருக்கு இது போதும். பழைய மோட்டார்களில் 1.5, 2 என்று போவதும் உண்டு. டிகோடர் வாங்கும் முன்பே இதை அளந்துவிட வேண்டும்.

ஒயர் நிறங்கள் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானவை: வலது தண்டவாளத்துக்குச் சிவப்பு, இடதுக்குக் கறுப்பு, மோட்டாருக்கு ஆரஞ்சும் சாம்பலும், முன்விளக்குக்கு வெள்ளை, பின்விளக்குக்கு மஞ்சள், விளக்குகளின் பொது நேர்முனைக்கு நீலம். எல்இடி ஒவ்வொன்றுக்கும் 1 கிலோஓம் ரெசிஸ்டர். ஒவ்வொரு இணைப்பின்மேலும் ஹீட் ஷ்ரிங்க்.

தண்டவாளத்தில் வைத்து ஆர் 8 தட்டினேன். -1. சக்கரங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தேன், தண்டவாளத்தையும் துடைத்தேன். -1. ஆர் 1 கேட்டாலும் அதே -1.

இந்த இடத்தில் டிகோடர் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே போக முடியும். அதற்குத் தனி ஒயர் கிடையாது. 'இந்தப் பிட் 1-ஆ?' என்பது போல ஒரு கேள்வி தண்டவாளத்தில் போகிறது. ஆம் என்றால் டிகோடர் மோட்டாரைச் சுமார் 6 மில்லிசெகண்ட் ஓட்டுகிறது. அந்தக் கணத்தில் மின்னோட்டம் குறைந்தது 60 மில்லியாம்பியர் ஏற வேண்டும். ஒப்புகைத் துடிப்பு எனப்படும் அந்த ஏற்றத்தைப் பலகை கவனித்து 'ஆம்' என்று குறித்துக்கொள்ளும். இல்லை என்றால் டிகோடர் சும்மா இருக்கும். எட்டுப் பிட்டுக்கும் இப்படி விசாரித்து, கடைசியில் 'ஆக மொத்த எண் இதுதானே?' என்று ஒருமுறை உறுதி கேட்கும். படிக்கும்போது இன்ஜின் டிக் டிக் என்று உதறுவது அதனால்தான். இந்த இன்ஜின் உதறவே இல்லை.

படிப்பதோடு எழுதுவதையும் சோதித்துப் பார்க்கலாம் என்று சிவி 1-இல் 24 எழுதினேன். அதற்கும் -1. சரி, எழுதவில்லை என்று விட்டுவிடாமல், இன்ஜினை மெயின் தண்டவாளத்தில் வைத்து 24 என்ற முகவரியில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்விளக்கு எரிந்தது! டிகோடர் கட்டளையைக் கேட்டு, முகவரியையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. வாய்தான் பேசவில்லை. வேகத்தை ஏற்றினால் மோட்டார் அசையவில்லை. மூடியைத் திறந்து சாம்பல் ஒயரைச் சாமணத்தால் லேசாக இழுத்ததும், ஹீட் ஷ்ரிங்க்கோடு கையில் வந்துவிட்டது. பித்தளைத் தகடு பெரியது. சால்டரிங் அயர்னின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு ஈயத்தைச் சரியாகப் பிடிக்க விடவில்லை. வெளியே பார்க்கப் பளபளப்பான குமிழ், உள்ளே வெறும் ஒட்டல். தகட்டை உப்புத்தாளால் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, அகல முனை போட்டுப் பற்றவைத்தேன். பிறகுதான் அந்த 145.

எழுதும்போது வரும் -1 'எழுதவில்லை' என்பதல்ல, 'எழுதியதா என்று தெரியவில்லை' என்பதே. பயந்துபோய்த் திரும்பத் திரும்ப வெவ்வேறு எண்ணை எழுதினால், கடைசியில் இன்ஜின் எந்த முகவரியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஆகிவிட்டால் சிவி 8-இல் 8 எழுதிப் பார்க்கலாம். பெரும்பாலான டிகோடர்கள் இதில் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, முகவரி 3 ஆகிவிடும்.

அடுத்தது நான்கு இலக்க முகவரி. இன்ஜினின் பக்கவாட்டில் 2417 என்று எழுதியிருக்கிறது, அதையே கொடுத்தேன். டிகோடர்ப்ரோவில் எண்ணைத் தட்டினால் போதும், ஆனால் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கும் ஆசை. 2417-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 113. சிவி 17-இல் 192-உடன் 9 கூட்டி 201. சிவி 18-இல் 113. இது மட்டும் போதாது, சிவி 29-இல் நீண்ட முகவரியை இயக்கும் பிட்டையும் ஏற்ற வேண்டும். வழக்கமாக அதில் 6 இருக்கும்: 28 அல்லது 128 வேகப்படிக்கு 2, அனலாக்கிலும் ஓடுவதற்கு 4. நீண்ட முகவரிக்கு 32 சேர்த்தால் 38. நான் 34 எழுதினேன், அதாவது அனலாக்கை அணைத்துவிட்டேன். ஷார்ட் ஆகி மின்சாரம் திரும்பும் கணத்தில் டிகோடர் அதை அனலாக் என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை முழு வேகத்தில் பறக்கவிடும் தொல்லை அதோடு போய்விடும். அனலாக் தண்டவாளத்துக்கு எடுத்துப்போக மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தால் இதைச் செய்யலாம்.

இரண்டாவது இன்ஜினில் எட்டுப் பின் சாக்கெட் இருந்தது. சொருகினேன், படித்தது, ஓடியது. விளக்கு மட்டும் எரியவில்லை. பிளக் தலைகீழாகப் போயிருந்தது. எட்டுப் பின்னைத் திருப்பிச் சொருகினால் மோட்டார் முனைகள் தமக்குள் இடம் மாறும், தண்டவாள முனைகளும் அப்படியே, விளக்குகளின் பொது நேர்முனை மட்டும் வேறெங்கோ போய்விடும். யோசித்துச் செய்த ஏற்பாடு. திருப்பிப் போட்டதோடு சரி.

இரண்டு டீசலையும் சேர்த்து ஒரே ரயிலில் ஓட்டுவதற்கு வேகத்தைப் பொருத்தும் வேலையில்தான் எனக்கு நேரம் அதிகம் போனது, சுவையும் அதில்தான். சிவி 3, 4 இரண்டையும் 0 ஆக்கினேன்; இல்லாவிட்டால் இன்ஜின் மெல்ல வேகமெடுப்பதை அளந்துகொண்டிருப்போம். மெயின் தண்டவாளத்தில் ஒரு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, அதற்கு முன் கொஞ்சம் ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சில் பிடித்தேன். எச்ஓ 1:87 என்பதால் ஒரு மீட்டர் நிஜத்தில் 87 மீட்டர். 313-ஐ நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். பாதி வேகத்தில் முதல் இன்ஜின் 5.2 நொடி எடுத்தது, அதாவது 60 கிமீ. இரண்டாவது 4.3 நொடி, கிட்டத்தட்ட 73. வேகமான இன்ஜினைத்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். மெதுவானதை விரட்டினால் அதன் உச்சியில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது இன்ஜினின் சிவி 6-இல் 128 இருந்தது. 60-ஐ 73-ஆல் வகுத்து 128-ஆல் பெருக்க 105. எழுதி ஓட்டினால் 5.1 நொடி, 104-இல் நின்றேன். பிறகு சிவி 5-இல் உச்ச வேகம், சிவி 2-இல் கிளம்பும் வேகம், மறுபடி நடுவேகம் என்று ஒரு சுற்று. ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் நகரும். இன்ஜின் ஓடிச் சூடேறிய பிறகு அளப்பது முக்கியம். குளிர்ந்த கிரீஸில் எடுத்த அளவு அரைமணி நேரத்தில் பொய்யாகிவிடுகிறது.

இந்த மாற்றங்களை மெயின் தண்டவாளத்தில் வைத்தே, ஓடும்போதே எழுதலாம். முகவரி சொல்லி அனுப்பும் கட்டளை என்பதால் மற்ற இன்ஜின்கள் கண்டுகொள்ளாது, ஒப்புகைத் துடிப்பும் தேவையில்லை. இணைத்து ஓட்டும்போது இருவருக்கும் பொதுவான எண்ணை சிவி 19-இல் எழுதினேன். முதுகைக் காட்டி நிற்கும் இன்ஜினுக்கு அதோடு 128 கூட்ட வேண்டும்.

மூன்றாவது சின்ன இன்ஜின், உள்ளே இரும்புச் சுருளகம் இல்லாத கோர்லெஸ் மோட்டார். டிக் டிக் சத்தம் கேட்கிறது, பதில் ஒரு தடவை வரும், மறுதடவை -1. ஒப்புகை விவரங்களைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்தபோது, துடிப்பின் உயரம் 40 மில்லியாம்பியரைச் சுற்றியே வந்தது. மோட்டாரே அவ்வளவுதான் குடிக்கும், டிகோடர் என்ன செய்யும்? டிசிசி-இஎக்ஸில் ஒப்புகை வரம்பைக் கட்டளையால் இறக்கலாம்; 30 ஆக்கியதும் ஒழுங்காகப் படித்தது. விளக்குக்காக மட்டும் ரயில் பெட்டிகளில் வைக்கும் டிகோடர்களுக்கும் இதே சங்கடம். எல்இடி குடிக்கும் மின்னோட்டம் துடிப்பாகத் தெரியாது. புரோகிராம் செய்யும் நேரத்துக்கு மட்டும் நீல ஒயருக்கும் வெள்ளைக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டரை க்ளிப்பில் மாட்டிவைத்தால் பேசும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். தொடர்ந்து விளக்கெரிந்தால் ரெசிஸ்டர் பொசுங்கும்.

நான்காவதுதான் ஒலி டிகோடர். அழுக்குத் தண்டவாளத்தில் சத்தம் விட்டுவிட்டு வராமல் இருக்கக் கூடவே கீப்-அலைவ் மின்தேக்கி. புரோகிராமிங் தண்டவாளத்தில் மின்சாரம் குறைவாகத்தான் கொடுப்பார்கள், 250 மில்லியாம்பியர் அளவு. தவறாகக் கட்டிய டிகோடர் எரியாமல் காப்பாற்றுவதற்கு. ஆனால் காலியாக இருக்கும் மின்தேக்கி முதல் கணத்திலேயே அதைவிட அதிகம் உறிஞ்சுகிறது. அது நிரம்பிய பிறகும் பிரச்சினை தீரவில்லை: மோட்டார் துடிக்கும்போது மின்தேக்கியே கொஞ்சம் கொடுத்துவிடுவதால் தண்டவாளத்தில் ஏற்றம் மழுங்கிப்போகிறது. மின்தேக்கியின் ஒரு ஒயரைக் கழற்றியதும் எல்லாம் படித்தது. அடுத்த முறையும் மூடியைத் திறக்க மனமில்லாமல், இன்ஜினின் அடித்தட்டில் சின்ன ஸ்லைடு ஸ்விட்ச் ஒன்றை வைத்து அந்த ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோனேன்.

இதன் பிறகுதான் டிகோடர்ப்ரோ. 'டிகோடரிலிருந்து வகையைப் படி' என்ற பொத்தானை அழுத்தினால் சிவி 7, 8 இரண்டையும் படித்து, பட்டியலில் எந்த டிகோடர் என்று அதுவே எடுத்துக்காட்டும். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பதிவு. திரையில் மாற்றிய சிவியின் கட்டம் ஆரஞ்சு நிறமாகும், எழுதி முடித்ததும் வெள்ளை. கோப்பிலிருந்து வந்து இன்னும் டிகோடரோடு சரிபார்க்காதது மஞ்சள். ஒலி டிகோடரின் முழுப் பக்கங்களையும் படிக்கச் சொல்லிவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டாம், ஒவ்வொரு சிவிக்கும் எட்டொன்பது கேள்வி என்றால் நேரம் ஆகத்தான் செய்யும். மாற்றியவற்றை மட்டும் எழுதும் பொத்தான் போதும்.

அடுத்த முறை என்றால் டிகோடரை இன்ஜினுக்குள் வைக்கும் முன்பே சோதனைப் பலகையில் வைத்துப் பார்ப்பேன். ஆயத்தமாகவும் கிடைக்கிறது, நான் ஒரு உதிரி இன்ஜின் மோட்டார், எட்டுப் பின் சாக்கெட், 1 கிலோஓமோடு நான்கு எல்இடி வைத்துக் கட்டிக்கொண்டேன். இதில் படித்து, இன்ஜினில் படிக்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது. சாக்கெட் இல்லாத இன்ஜினில் இனி நேராகப் பற்றவைக்க மாட்டேன். எட்டுப் பின் சாக்கெட் உள்ள ஹார்னஸை (ஒயர் தொகுப்பை) பற்றவைத்து அதில் டிகோடரைச் சொருகினால், நாளைக்குக் கழற்றிச் சோதிப்பதும் சுலபம். மோட்டார் தகடுகளை ஈயம் பூசித் தயார்செய்வதை, மோட்டாரைச் சட்டத்தில் உட்கார வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

டிகோடர்ப்ரோவின் பதிவுகள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. லேப்டாப் பழசு என்பதால் அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலும் நகலெடுத்து வைத்திருக்கிறேன். வேகம் பொருத்திய அந்த இரண்டு டீசலின் எண்களை மறுபடி ஸ்டாப்வாட்சோடு நின்று கண்டுபிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.